கோடு விழுந்தது படத்தில். மதிப்பைக் குறைத்தது பிள்ளைக்கு!



சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. திரட்டேடு திருத்தும் வேலை கழுத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த வேலையினால்தான் இன்றைக்கு எழுத வேண்டிய செய்தியும் கிடைத்தது. இது சிலருக்குக் கசக்கக்கூடும். முதலில் கசந்தது எனக்குத்தான் என்பதால், துணிந்து எழுதுகிறேன்.

2014 முதல் நம் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு ஒரு பாடமாக இருப்பதை அறிவீர்கள். தன்னை அறிதல், குடும்பத்தை அறிதல், பள்ளியை அறிதல் என்று அப்பாடம் தொடங்குகிறது. நல்ல தொடக்கம்தான். குழந்தை தன் வீட்டு வரலாற்றைத் தெரிந்துகொள்ளட்டும் என்று நானும் என் மாணவர்களுக்குக் குடும்பத் திரட்டேடு ஒன்றைச் செய்துவரப் பணித்தேன். தாத்தா பாட்டியின் நிழற்படம் ஒன்றையாவது ஒட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

ஏடுகள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை பளபளவென்று இருந்தன. ஒன்று மட்டும் வேறு மாதிரி. சாதாரண ஏ4 தாளில் ஒரு மனிதர். முகம் முழுக்கப் பச்சை படர்ந்திருந்தது. நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, மார்பில் மூன்று என்று குறுக்கே வெள்ளைக் கோடுகள். கண் இருக்கும் இடமே தெரியவில்லை. நான் சிவப்பு மையில், 'தெளிவான படத்தை ஒட்டுக' என்று எழுதினேன். அடைவுநிலையில் ஒரு படி குறைத்தும் போட்டேன். அடுத்த ஏட்டை எடுத்துக்கொண்டேன்.

மறுவாரம் அம்மாணவி ஏட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். பச்சை முகத்தைக் காணவில்லை. அவ்விடத்தில் வெள்ளை மீசையும் சிரித்த முகமுமாக வேறொரு முதியவர். வண்ணம் கண்ணைப் பறித்தது.

"இவர்தாம் உன் தாத்தாவா அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க ஐயா. இது இன்டர்நெட்ல எடுத்த படம். எங்க தாத்தா படம் கோடு கோடாத்தான் வருது. நீங்கதான் தெளிவா வேணும்னு எழுதினீங்க."

பத்து வயதுப் பிள்ளை. அவள் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. ஆசிரியர் கேட்டதை அப்படியே கொண்டுவந்திருக்கிறாள். சொந்தத் தாத்தாவைக் கழற்றிவிட்டு, யாரோ ஒருவரைத் தாத்தாவாக ஒட்டி வைக்கும்படி அவளைச் செய்தவன் நான். வரலாற்றுப் பாடத்தில், குடும்பம் என்னும் தலைப்பில் இது நடந்தது!

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பாகான் டாலாமில் ஓர் அடுக்ககம். சாளரத்தைத் திறந்தால் துறைமுகத்துக் காற்று உப்போடு உள்ளே வரும். மூலப்படம் கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்கியது. கறுப்பு வெள்ளைப் படம். துறைமுகத்தில் வேலை செய்தவராம் அந்தப் பெரியவர். கையை இடுப்பில் ஊன்றி நிற்கிறார். பின்னால் பினாங்குத் தீவுக்குச் செல்லும் பழைய இரட்டைத்தட்டுப் படகு. அந்தப் படகுகளும் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு ஓய்வு பெற்றுவிட்டன. அவ்வீட்டில் அவருக்கு இருப்பது இந்த ஒரே படம்தான் என்று பாட்டி சொன்னார்.

அம்மையார் மேசை மேலிருந்த அச்சுப்பொறியைக் காட்டினார். "கடையில காட்டினோம் ஐயா. ஹெட் போயிடுச்சு, சரிபண்ற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்னு சொல்லிட்டாங்க. ஆனா எழுத்தெல்லாம் நல்லாத்தான் வருது. படம்தான் இப்படி."

இந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. எழுத்து நன்றாக வருகிறது, படம் கெடுகிறது என்றால் கறுப்பு மை ஓடுகிறது, வண்ண மை ஓடவில்லை என்பது பொருள். அச்சுப்பொறியில் கறுப்பு, சியான் எனும் நீலம், மெஜந்தா எனும் ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள் ஆகிய நான்கு மைகள் உள்ளன. நிழற்படத்தின் சாம்பல் நிறத்தைப் பெரும்பாலும் அந்த மூன்று வண்ணங்களையும் கலந்துதான் பொறி உண்டாக்குகிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ண மை எதற்கு என்று நாம் நினைக்கிறோம். பொறி அப்படி நினைப்பதில்லை. அம்மூன்றில் மெஜந்தா வராமற் போனால் நீலமும் மஞ்சளும் மட்டுமே மிஞ்சும். நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் பச்சை என்பதை முதலாம் ஆண்டு ஓவியப் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறோமே! தாத்தாவின் முகத்தில் இருந்த பச்சை அதுதான். இதுபோலவே, சியான் வராவிட்டால் படம் செம்மை படரும். மஞ்சள் வராவிட்டால் நீலம் பாரிக்கும்.

மெஜந்தா ஏன் வரவில்லை? அதற்கும் வரலாறு உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. நாமெல்லாம் பயிற்றிகளைப் புலனத்தில் (வாட்ஸாப்பைத்தான் அப்படிச் சொல்கிறேன்) அனுப்பி, 'அச்சிட்டுச் செய்க' என்று எழுதினோம். அதற்காகக் கடன்பட்டும் அச்சுப்பொறி வாங்கிய குடும்பங்கள் உள. இக்குடும்பமும் அவற்றுள் ஒன்று. பள்ளி மீண்டும் திறந்த பிறகு அந்தப் பொறிக்கு வேலையில்லை. எப்போதாவது கறுப்பு எழுத்தில் ஒரு பயிற்றி. வண்ண மை மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து துளையிலேயே உலர்ந்துவிட்டது. நாம் கேட்டதால் வாங்கிய பொறி. நாம் கேட்காததால் உலர்ந்த மை. மறுபடியும் நாமே கேட்டபோது பச்சையாய் வந்த படம். கடைசியில் மதிப்புக் குறைந்தது யாருக்கு?

ஆசிரியப் பெருமக்களே, 'நான் என்ன பழுதுபார்ப்பவனா?' என்று கேட்காதீர்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். பச்சை முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், 'இது பிள்ளையின் கவனக்குறைவன்று, மெஜந்தா அடைப்பு' என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்தச் சிவப்பு வரியை எழுதியிருக்க மாட்டேன். தெரியாமையால் எழுதினேன். நிழற்படம் கேட்கிற ஆசிரியருக்கு, அது ஏன் கெடுகிறது என்பதும் ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் வழக்கு.

அன்று மாலை செய்ததைச் சொல்கிறேன். பெற்றோர்கள் இப்பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் மைத்துளைச் சோதனை. அச்சுப்பொறியின் பட்டியலிலோ, கணினியில் உள்ள அதன் மென்பொருளிலோ 'நோசல் செக்' என்று இருக்கும். அதை அழுத்தினால் நான்கு வண்ணங்களிலும் சின்னஞ்சிறு கோடுகள் கொண்ட கட்டம் ஒன்று சாதாரணத் தாளில் வரும். கோடு அறுந்திருக்கும் இடந்தோறும் ஒரு துளை அடைபட்டிருக்கிறது. இத்துளைகள் தலைமுடியை விட மெல்லியவை. அவற்றிலிருந்து தெறிக்கும் மைத்துளி கண்ணுக்கே தெரியாது. அத்தகைய துளையில் மை உலர்ந்தால் அடைக்காமல் என்ன செய்யும்? அவ்வீட்டுச் சோதனைத் தாளில் கறுப்பு, மஞ்சள் முழுமையாக இருந்தன. சியானில் இரண்டு இடங்களில் அறுப்பு. மெஜந்தா முக்கால்வாசி காணவில்லை. ஒரே தாளில் நோயின் பெயர் முழுவதும் எழுதியிருந்தது. கடைக்காரர் இத்தாளை எடுத்துப் பார்த்தாரா என்று கேட்டேன். அம்மையாருக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது.

அடுத்து 'ஹெட் கிளீனிங்', அதாவது அச்சுத்தலையைத் துப்புரவு செய்தல். இதுவும் அதே பட்டியலில் உண்டு. பொறி தானே மையை உறிஞ்சி இழுத்து அடைப்பை நீக்கும். ஒருமுறை செய்து, மீண்டும் சோதனைத் தாள் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்னேற்றம் இருந்தால் இன்னொரு முறை. மூன்று முறைக்கு மேல் விடாமல் அழுத்திக்கொண்டிருப்பது தவறு. ஒவ்வொரு துப்புரவும் நல்ல மையைத்தான் செலவழிக்கிறது. அந்த மை பொறியின் அடியில் உள்ள பஞ்சில் போய்த் தேங்குகிறது. அது நிறைந்தால் பொறி வேலை செய்ய மறுத்துவிடும். ஆகவே மூன்று முறை செய்தபின் பொறியை அணைத்துவிட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். உலர்ந்த மை ஊறி இளகும். நாங்களும் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் அம்மையார் ஒருமுறை துப்புரவு செய்து, சோதனைத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். மெஜந்தாவில் ஓர் அறுப்பு மட்டும் மிச்சம். மாலையில் அதுவும் இல்லை. 'போய்விட்ட ஹெட்' பிழைத்துக்கொண்டது. செலவு, கொஞ்சம் மையும் ஐந்தாறு தாள்களும்.

எல்லாப் பொறியும் இப்படிப் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. சிலவற்றில் அச்சுத்தலை மைப்பெட்டியோடு சேர்ந்தே வரும். அவற்றில் பெட்டியை மாற்றினால் தலையும் புதிதாகிவிடும். பொறியை மாற்ற வேண்டியதே இல்லை. மைத்தொட்டி உள்ளவற்றில் தலை நிலையானது. பலமுறை துப்புரவு செய்தும் இளகாவிட்டால் செலவுதான். ஆனால் சோதனைத் தாள் ஒன்றைக்கூட எடுக்காமல் 'புதிது வாங்கு' என்பது, நாடி பார்க்காமல் நோயாளியை இடுகாட்டுக்கு அனுப்புவதாகும். ஊசி கொண்டு துளையைக் குத்துவது, கண்ட திரவத்தை ஊற்றுவது போன்ற வலையொளி வைத்தியமும் வேண்டா.

அடைப்பு வருவதற்கு நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. இதை நான் என் வீட்டிலேயே கண்டேன். அச்சுப்பொறியை அதன் பொத்தானை அழுத்தி அணைக்காமல், சுவரில் உள்ள விசையைத் தட்டி அணைக்கிறோம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணம்தான். ஆனால் பொத்தானை அழுத்தும்போதுதான் அச்சுத்தலை ஓரமாகச் சென்று தன் மூடியின்மேல் அமர்கிறது. மூடி துளைகளை உலராமல் காக்கிறது. வேலையின் நடுவே சுவர்விசையைத் தட்டினால் தலை பாதிவழியில் திறந்தே நின்றுவிடும். திறந்த பேனாவை இரவெல்லாம் மேசையில் வைப்பது போன்றது இது. ஆகவே முதலில் பொத்தான். விளக்கு அணைந்தபின் சுவர்விசை. அத்தோடு வாரம் ஒருமுறை எல்லா வண்ணமும் உள்ள ஒரு சிறு படத்தைச் சாதாரணத் தாளில் அச்சிட்டுவிட்டால் பெரும்பாலான அடைப்பு வரவே வராது. பிள்ளை வரைந்த கோலமோ, பிறந்தநாள் வாழ்த்தோ எதுவாயினும் சரி.

சரி, துளை திறந்துவிட்டது. தாத்தா தெளிவாக வந்தாரா? இல்லை! பச்சை போயிற்று, கோடு போயிற்று. முகம் மட்டும் கலங்கலாகவே இருந்தது. இதில் பொறியின் குற்றம் எதுவும் இல்லை. அவர்கள் அச்சிட்ட கோப்பைப் பார்த்தேன். சுவரில் இருந்த படத்தை உறவினர் ஒருவர் முன்பு எப்போதோ திறன்பேசியில் எடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்பியிருக்கிறார். அதை இன்னொருவர் திரைப்பிடிப்பு செய்து திரும்ப அனுப்பியிருக்கிறார். மூலப்படம் எதிரே தொங்கிக்கொண்டிருக்க, நகலின் நகலை எடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். அதன் அகலம் 520 புள்ளிகள். நல்ல நிழற்படத்துக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 4ஆர் அளவு எனப்படும் நாலுக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 1200-க்கு 1800 புள்ளிகள் தேவை. இவர்களோ 520 புள்ளிகளை எட்டு அங்குல அகலத்துக்கு இழுத்திருக்கிறார்கள். அங்குலத்துக்கு 65 புள்ளி. ஒரு குவளைப் பாலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சுவையில்லை என்பது போல.

புலனத்தில் படம் அனுப்பும்போது அது சுருக்கியே அனுப்பப்படுகிறது. 2023-இல் உயர்தரத் தெரிவு ஒன்று சேர்க்கப்பட்டது, அதைப் பயன்படுத்தலாம். அதைவிட நல்லது, படத்தைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புவது. அப்போது ஒரு புள்ளியும் குறையாது. ஆசிரியர்கள் பள்ளி நிகழ்ச்சிப் படங்களைப் பெற்றோர் குழுவில் போடும்போதும் இதை நினைவிற்கொள்ள வேண்டும். விளையாட்டுப் போட்டிப் படத்தைச் சுருக்கி அனுப்பிவிட்டு, 'தெளிவான படம் ஒட்டுக' என்று நாமே எழுதுகிறோமே!

பாட்டியின் அனுமதியோடு படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். மாலையை எடுத்து வைத்தார்; அதற்கு முன் ஒருமுறை தொட்டுக் கும்பிட்டார். கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தை வெளியே எடுக்க முயன்றேன். ஓர் ஓரம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. நம் கடற்கரை ஈரத்தில் பழைய படங்களுக்கு இப்படி நேர்வது வழக்கம். அப்படி ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. இழுத்தால் முகத்தின் ஒரு பகுதி கண்ணாடியிலேயே தங்கிவிடும். எனவே சட்டத்தோடேயே சாளரத்தின் அருகே சாய்த்து வைத்து, நேர்வெயில் படாத பக்கவாட்டு வெளிச்சத்தில், 'பிளாஷ்' போடாமல், திறன்பேசியை அசையாமல் நேராகப் பிடித்து எடுத்தோம். கண்ணாடியில் எங்கள் உருவம் விழாமல் இருக்க, பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மாணவி. ஒட்டாத படமாயிருந்தால் அச்சுப்பொறியின் மேல்மூடியைத் திறந்து வருடிப் பதிவு செய்வதே சிறப்பு. அதே அளவில் அச்சிட 300, பெரிதாக்க 600 என்று வைத்தால் போதும்.

தாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணத் தாள் மையைப் பருகிவிடும்; படம் மங்கும். நிழற்படத் தாளில் மேற்பூச்சு இருக்கிறது. அது மையை மேலேயே நிறுத்தும். ஆனால் தாளை மட்டும் மாற்றினால் போதாது. மென்பொருளிலும் தாளின் வகையை மாற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாதாரணத் தாளுக்கு உரிய அளவில் மையை ஊற்றிவிட்டுப் பொறி போய்விடும்; நாம் கையில் எடுத்துப் பார்த்து 'மட்டமான தாள்' என்போம். பூச்சுள்ள பக்கம் எது என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். பயன்படுத்தாத தாள்களை அதன் உறைக்குள்ளேயே மூடி வையுங்கள். ஈரம் பட்டால் சுருளும். மைத்தெளிப்பு அச்சுப்பொறிக்கான பளபளப்புத் தாளைப் பள்ளி அலுவலக லேசர் அச்சுப்பொறியில் யாரும் செலுத்திவிடாதீர்கள். அதன் சூட்டில் பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தலைமையாசிரியருக்கு யார் பதில் சொல்வது?

எழுத்தும் படமும் இரட்டை இரட்டையாக, நிழல் விழுந்ததுபோல் வந்தால் அது துளையடைப்பன்று. அச்சுத்தலை நேராக இல்லை என்பதே. 'அலைன்மெண்ட்' என்ற தெரிவை அழுத்தினால் பொறியே வழிகாட்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை. சினம் தணிவதற்காக எழுதுகிறேன். ஏடுகளில் வேறொன்றையும் கண்டேன். மாநிறப் பிள்ளைகள் சிலர் தங்கள் திரட்டேட்டில் வெள்ளை வெளேரென்று இருந்தார்கள். தானியங்கித் திருத்தமும் வெளுப்பாக்கும் செயலிகளும் செய்த வேலை. 'படம் கறுப்பாக வந்தது ஐயா, அதனால் சரிசெய்தோம்' என்றார் ஒரு தந்தை. படம் இருட்டாக வருவது வேறு, பிள்ளை கறுப்பாக இருப்பது வேறு. முன்னது அச்சுக் குறை. வெளிச்சத்தைச் சற்று ஏற்றினால் தீரும். பின்னது குறையே அன்று. 1950-களிலிருந்து பல்லாண்டுக் காலம், கோடாக் நிறுவனத்தின் வண்ண அச்சகங்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவுகோலாக வைத்தே நிறத்தைச் சரிபார்த்தன. அதற்கு 'ஷர்லி அட்டை' என்று பெயர். கரிய முகங்களின் நுட்பம் அதில் அழிந்தது. பல நிறத்தவரும் இருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. அவர்கள் மாற்றிக்கொண்ட அளவுகோலை நாம் வீட்டுக்குள் கொண்டுவந்து பிள்ளையின் முகத்தில் பூசுவானேன்? அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். முகத்தை மட்டும் ஒரு சிறு துண்டில் அச்சிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோல் எந்த ஆய்வகத்திலும் இல்லை.

இனி என் வழக்குக்கு எதிர்வழக்குகள். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது வந்தவை இவை.

'நேர்த்தியும் ஒரு பண்புதானே? அதை மதிப்பிடக் கூடாதா?' என்றார் ஒரு தோழி. கூடும். பிள்ளையின் கையால் ஆகக்கூடிய நேர்த்தியை மதிப்பிடுங்கள். எழுத்து வரிசையாக இருக்கிறதா, பசை வழியாமல் ஒட்டியிருக்கிறாளா, படத்தின்கீழ் யார், எங்கே, எப்போது என்று எழுதியிருக்கிறாளா? இவை அவளுடையவை. மெஜந்தா அவளுடையதன்று. வகுப்புசார் மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலைகளை வைத்திருக்கிறோம். அவை பிள்ளையின் அறிவையும் திறனையும் அளக்க வந்தவை. தாளின் பளபளப்புக்கு எந்த நிலையைக் கொடுப்பது? நான் குறைத்த அந்த ஒரு படி, உண்மையில் அவ்வீட்டின் பணப்பைக்குப் போட்ட மதிப்பெண்.

'அச்சிட வசதியில்லாதவர்கள் கடையில் அச்சிடலாமே, ஒரு 4ஆர் படம் ஒரு வெள்ளிகூட ஆகாதே' என்றார் இன்னொருவர். உண்மை. ஒன்றிரண்டு நல்ல படங்கள் மட்டும் வேண்டுமெனில் கடையே சிறந்தது என்று நானும் பெற்றோர்களுக்குச் சொல்வேன். பொறியும் மையும் நிழற்படத் தாளும் வாங்கி வீட்டில் அச்சிடுவதைவிட அது மலிவு. ஆனால் அந்த 520 புள்ளிக் கோப்பைக் கொடுத்தால் கடையிலும் கலங்கலாகத்தான் வரும். மேலும் நாம் கேட்பது ஒரு படமா? ஒரு பாடத்துக்கு இரண்டு, அறிவியலுக்கு நான்கு, நன்னெறிக்கு மூன்று என்று கேட்டுக்கொண்டே போகிறோம். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டா?

நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில் பயிற்றுத் துணைப்பொருள் என்றால் மணிலா அட்டை, கத்தரிக்கோல், பழைய நாளிதழ். படம் கிடைக்காவிட்டால் வரைந்துகொள் என்பார் எங்கள் விரிவுரையாளர். கோணல்மாணலாக வரைவோம். அந்தக் கோணலுக்கு யாரும் மதிப்பெண் குறைத்ததில்லை. இன்று பிள்ளை வரைந்தால், 'ஏன் அச்சிடவில்லை?' என்று கேட்கிறோம். கருவி வளர வளரக் கருணை குறைய வேண்டும் என்று எந்தக் கலைத்திட்டத்திலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

'எங்களுக்கு இருக்கிற வேலையில் இது வேறா?' என்பது மூன்றாவது வழக்கு. இதற்கு மட்டும் நான் கொஞ்சம் இறங்கிவருகிறேன். வேலை மிகுதி என்பது எனக்கும் தெரியும். பொறியை நாம் பழுதுபார்க்க வேண்டியதில்லை. திரட்டேடு பற்றிய குறிப்பைப் பெற்றோர்களுக்கு அனுப்பும்போது நான்கு வரிகளைச் சேர்த்து அனுப்பலாம். அச்சிட்டோ வரைந்தோ ஒட்டலாம் என்று ஒரு வரி. படத்தை ஆவணமாக அனுப்பினால் பள்ளியில் அச்சிட்டுத் தருவோம் என்று ஒரு வரி. கோடு விழுந்தால் மைத்துளைச் சோதனை செய்க என்று ஒரு வரி. படத்தின் தரத்துக்கு மதிப்புக் குறையாது என்று ஒரு வரி. இதற்கு எத்தனை நிமிடம் ஆகும்?

இந்த மைத்தெளிப்பு நுட்பம் வந்த கதையே ஒரு தற்செயல்தான். 1977-இல் கேனன் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் வைத்திருந்த சூடான பற்றவைப்புக்கோல், மை நிரம்பிய ஊசிமுனையில் பட்டுவிட்டதாம்; மை சட்டென்று பீய்ச்சியடித்தது. 'அடடா, கெட்டுப்போயிற்று' என்று அவர் ஊசியைக் குப்பையில் போடவில்லை. ஏன் பீய்ச்சியது என்று பார்த்தார். நம் பாயான் லெப்பாசில் 1972-லேயே தொழிற்சாலை தொடங்கிய எச்.பி. நிறுவனமும் இதே நுட்பத்தைத் தனியே கண்டறிந்து 1984-இல் அச்சுப்பொறியாகக் கொண்டுவந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் பெற்றோர்கள் நம்மிடையே எத்தனை பேர்! நுணுக்கமான மின்னணுப் பொருள்களைக் கையாளும் கைகள் அவர்களுடையவை. சோதனைத் தாளில் அறுந்த கோட்டை எண்ணுவதா அவர்களுக்கு இயலாது? யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தாத்தாவின் படம் மூன்றாம் நாள் நிழற்படத் தாளில் வந்தது. இடுப்பில் ஊன்றிய கையில் கைக்கடிகாரம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பாட்டி அதைப் பார்த்துவிட்டு அக்கடிகாரம் யார் கொடுத்தது, பின்பு அது எங்கே போயிற்று என்றெல்லாம் ஒரு மணி நேரம் பேசினாராம். மாணவி அதை ஏட்டில் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி வந்திருக்கிறாள். வீட்டில் ஒரு படி கூடுதலாக எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு நாள் முழுதும் உலரவிட்ட பிறகே உறையிலோ சட்டத்திலோ போட வேண்டும், கண்ணாடியில் முகம் படாதவாறு ஓரத்தில் அட்டை வைக்க வேண்டும், வெயில் விழும் சுவரில் மாட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டு அச்சுப்பொறிகளின் வண்ண மை பெரும்பாலும் சாயமை. வெளிச்சமும் ஈரக்காற்றும் அதைச் சில ஆண்டுகளிலேயே வெளுக்கச் செய்யும். ஆகவே கோப்பை இரண்டு இடங்களில் சேமித்தும் வைத்தோம்.

அடைவுநிலையைத் திருத்திவிட்டேன். சிவப்பு மையில் எழுதிய வரியை அழிக்க இயலவில்லை. அதன்கீழ் என் பெயரை எழுதி, 'இது என் பிழை' என்று குறித்திருக்கிறேன்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தன்று, கூட்டம் தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்னதாக நான் நான்காம் ஆண்டு வகுப்பறையில் இருப்பேன். படம் சரியாக வராத பெற்றோர்கள் யாராயினும் வரலாம். அச்சுப்பொறியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டா. முந்தின இரவு எடுத்த மைத்துளைச் சோதனைத் தாள் ஒன்றை மட்டும் மடிக்காமல் கொண்டுவாருங்கள்.